இரண்டு ஆட்டம் ஆடிய மருமகன்

1

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், ஒன்று என் தங்கை விட்டுப்போனது. யாரிடமும் கைநீட்டாமல் வளர்த்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலை நேரம் போய்விடும். போகட்டும், எனக்கு எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

திருகோணமலையில் எங்கள் அயல் வீட்டுப் பிள்ளை இப்போது ஒரு சஞ்சிகை நடத்துகிறாள். “மாமி, வெளிநாட்டில இருக்கிற எல்லாரும் பனியைப் பற்றித்தான் எழுதி அனுப்பினம். நீங்களாவது வேற ஏதும் எழுதுங்கோ” என்று கேட்டிருந்தாள். சரி பிள்ளை, பனியை விடுகிறேன். என் மருமகனைப் பற்றி எழுதுகிறேன்.

அவன் பெயர் டெக்லன். அயர்லாந்துக்காரன். ஒரு காலத்தில் தன் நாட்டுக்காக ரக்பி விளையாடியவன். ரக்பி என்றால் என்ன என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் எங்கள் துறைமுகத்துக் கடற்படைக்காரர்கள் மைதானத்தில் விளையாடுவார்கள். முட்டை மாதிரி ஒரு பந்து. அதை வைத்திருக்கிறவன்மேல் எல்லாரும் விழுவார்கள். விழுந்தவன் எழும்பி, சேறு வழிய, விழுத்தியவனோடு சிரித்துக்கொண்டு போவான். என் கணவர் அந்தத் துறைமுகத்தில்தான் வேலை செய்தார். ஆட்டம் முடிந்ததும் விளையாடியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் தாகத்துக்கு அவர்களுடைய குழாயில் தானும் வாய் வைத்துக் குடித்துவிட்டார். அந்தக் குழாயை அவர் கண்முன்னாலேயே சவுக்காரம் போட்டுக் கழுவுவித்தார்கள். கழுவினதும் அவர்தான்.

இந்தக் கதையை அவர் சாகும்வரை சொன்னார். என் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். சுகந்திக்கு நன்றாகத் தெரியும். சுகந்தி என் இளைய மகள், டெக்லனின் மனைவி.

போன மாதம் இவர்களுடைய பத்தாவது திருமண நாள். அதிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

2

நாங்கள் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கனடா வந்தவர்கள். என் கணவர் வரவில்லை. கொழும்பிலிருந்து வரும் வழியில் பேருந்தை மறித்து, ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, அந்தச் சொல் வாயில் வந்த விதத்தை வைத்து ஆளைப் பிரித்து இறக்கினார்கள். இறங்கினவர்களில் அவரும் ஒருவர்.

இதை மொன்றியலில் ஒரு சின்ன அறையில் வைத்துச் சொல்லச் சொன்னார்கள். அகதி விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, நடுவில் தமிழை இங்கிலீசாக்க ஒரு ஆள், பின்னால் கதிரையில் சுகந்தி. நான் அழவில்லை. முதலிலிருந்து ஒழுங்காக, நேரம் எடுத்துச் சொன்னேன். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையை நான்தான் தோய்த்துக் கொடுத்தேன் என்பது வரை சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு வசனம் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். என் கணவர் இரண்டு வசனத்தில் செத்துப்போனார்.

பின்னாலிருந்து சுகந்தி எழும்பி இங்கிலீசில் என்னவோ சொன்னாள். இருக்கச் சொல்லி அதட்டினார்கள். வெளியே வந்ததும் கேட்டேன்.

“என்ன பிள்ளை சொன்னனீ?”

“அம்மா சொன்னது இவ்வளவு இல்லை, இன்னும் கனக்க எண்டு சொன்னன்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இனி உங்கட வாய் நான்தான், அம்மா. வேற ஒருத்தரும் வேண்டாம்.”

அப்படித்தான் நடந்தது. வைத்தியரிடம், வீட்டுக்காரனிடம், தெப்பனர் என்கிற மூலைக் கடையில் பால் மாற்ற என்று எங்கே போனாலும் நான் தமிழில் சொல்வேன், அவள் அவர்களுடைய பாஷையில் சொல்வாள். நான் இங்கிலீசும் படிக்கவில்லை, பிரெஞ்சும் படிக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு நல்ல வாய் இருக்கும்போது இந்த வயதில் இன்னொன்று எதற்கு என்று இருந்துவிட்டேன்.

3

எங்களுடைய ஆட்களுக்கெல்லாம் அரசாங்கம் பிரெஞ்சு வகுப்பு வைத்தது. போனால்தான் மற்றக் காரியங்கள் நடக்கும் என்றார்கள். சுகந்தி போனாள். அதே வகுப்பில் பக்கத்துக் கதிரையில் டெக்லன். அவனுடைய மாமா இங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார், கடையில் பிரெஞ்சு பேச ஆள் வேண்டும் என்று அனுப்பியிருந்தார். வகுப்பிலே மிக மோசமாகப் படித்தவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தானாம். ஆசிரியை இருவரையும் சேர்த்தே ஏசுவாளாம். இங்கிலீசில் கதைத்துக் கதைத்து எங்கேயோ போய் நின்றார்கள்.

எனக்குத் தெரிய வந்தபோது நாங்கள் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி, உள்ளே இரண்டு அறையில் ஆறு பேர். மூத்தவன் ரவிதான் முதலில் கனடா வந்தவன். படிப்பை விட்டுவிட்டு இரண்டு உணவகங்களில் சாப்பாட்டுக் கோப்பை கழுவி எங்களை இங்கே எடுத்தவன். அவன் சுகந்தியைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டான். “வெள்ளைக்காரனோ?” அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

எங்களுடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு சம்பந்தம் என்றால் மாப்பிள்ளையின் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிப்போம். நேரே வீட்டுக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்பது, கடையில் ஒரு வெற்றிலை வாங்குவது, கோயிலடியில் நிற்கிறவரோடு கதை கொடுப்பது. குடிகாரனா, கோபக்காரனா, தாய்க்குச் சோறு போடுகிறவனா என்று பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். அயர்லாந்துக்கு யாரை அனுப்புவது? என் தம்பி முறையான கந்தையாவைப் பிடித்து, இங்கே அயர்லாந்துக்காரர் கூடும் இடத்தில் விசாரித்து வா என்றேன். அவன் போனது ஒரு பியர்க் கடைக்கு. இருட்டின பிறகு இரும்புப் படி முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

“அக்கா! ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அவையையும் இங்கிலாந்து வெள்ளைக்காரன்தான் ஆண்டவனாம். அடிச்சவனாம், பட்டினி போட்டவனாம். எங்கட ஆக்கள்தான் அக்கா, நிறம் மட்டும் கொஞ்சம் பிழைச்சுப்போச்சு!”

“பெடியனைப் பற்றி என்ன விசாரிச்சனீ?”

“அதைக் கேக்க மறந்துபோனன்” என்றான்.

அதுதான் நான் செய்த விசாரணை. மிச்சத்தை நானே கேட்பது என்று முடிவெடுத்து, பெடியனைச் சாப்பிட வரச் சொன்னேன்.

4

வந்தான். நீட்டு மனிதன். படி ஏறும்போது வலது காலை மடிக்க முடியாமல் கம்பியைப் பிடித்து ஏறினான். கையால் சாப்பிடத் தெரியாமல், ஆனால் கரண்டி கேட்காமல் சாப்பிட்டான். பிட்டும் மீன் குழம்பும். எதிரே சுவரில் என் கணவருடைய படம்.

“இவர் தன்ர நாட்டுக்கு விளையாடின ஆள், அம்மா. ஆனா ரெண்டு ஆட்டம்தான்” என்றாள் சுகந்தி.

“ஏன் ரெண்டோட விட்டவராம்? காலுக்கு என்ன? கேள்.”

கேட்டாள். அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். கோப்பையைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினான். வெகுநேரம் கதைத்தான். இடையில் இரண்டு தரம் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். கழுத்திலிருந்து காது வரை சிவந்துபோனது. சுகந்தி அவனைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தென்னாபிரிக்காவில விளையாட இவையின்ர அணியைக் கூப்பிட்டதாம், அம்மா. கறுத்த ஆக்களை வேறையாப் பிரிச்சு வைக்கிற நாடு. அங்க வரமாட்டன் எண்டு இவர் மறுத்திட்டாராம். அதோட இவரை அணியில இருந்து எடுத்துப்போட்டினமாம்.”

“கால்?”

“அது பேந்து, வேற நாள். பயிற்சியில.”

அவன் அவ்வளவு நேரம் கதைத்தான், அவள் இவ்வளவில் முடித்துவிட்டாள். விசாரணை அறையில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இந்த அறையில் பிடிபடவில்லை. சொன்னது என் மகள் அல்லவா.

குழாயைக் கழுவின மனிதர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் பிரித்து இறக்கின மனிதர். எங்கேயோ இருக்கிற மனிதர்களைப் பிரித்து வைக்கிறார்கள் என்பதற்காக ஒரு பெடியன் தன் விளையாட்டையே விட்டான் என்றால், அவனிடம் நான் இனி வேறென்ன விசாரிப்பது? ஒன்றும் சொல்லாமல் அவனுடைய கோப்பையில் இன்னொரு துண்டு பிட்டு வைத்தேன். குழம்பும் ஊற்றினேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு, அவ்வளவு பெரிய மனிதன், என் முன்னால் இருந்து தேம்பி அழுதான். போன விளையாட்டுக்கு அழுகிறான் என்று நினைத்தேன்.

5

ரவி சம்மதிக்கவில்லை. சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பஞ்சாயத்து வைத்தான்.

“நாளைக்குச் சனம் எங்களைப் பார்த்து என்ன சொல்லும்? ஊரில மானத்தோட இருந்த ஆக்கள் அம்மா, நாங்கள். இவளுக்கு ஒரு தமிழ்ப் பெடியனும் கிடைக்கேல்லையோ?”

நான் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். “அவன் எங்களைப் போல ஆக்களுக்காகத் தன்ர விளையாட்டையே விட்டவன். நீ எதை விட்டனீ, சொல்லு!”

 படிப்பை விட்டு, கோப்பை கழுவிக் கையெல்லாம் வெடித்துப்போயிருந்த பிள்ளை. அவனைப் பார்த்து அப்படிக் கேட்டேன். ரவி அன்றைக்கே பையைத் தூக்கினான். அந்தக் கிழமையே ரொறன்ரோ போனான். கல்யாணத்துக்கு வரவில்லை. அவனுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், படத்தில் கண்டேன். மூத்தது சாடை என் கணவர் மாதிரி. தமிழ் விளங்குமாம், கதைக்காதாம். என் குரல் அதுக்குத் தெரியாது.

அன்றைக்குச் சுகந்தி கதவோரத்தில்தான் நின்றாள். நான் கேட்டதையும் கேட்டாள், அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற சத்தத்தையும் கேட்டாள். வாயே திறக்கவில்லை. பயத்தில் நிற்கிறாள் என்று நினைத்து நான்தான் அவளை அணைத்துக்கொண்டேன்.

வாடகை மண்டபத்தில் டெக்லன் தாலி கட்டினான். மேடையில் சம்மணம் கட்டி இருக்க அவனுக்கு முழங்கால் விடவில்லை, ஐயர் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்.

6

இப்போது நான் சுகந்தியோடும் டெக்லனோடும் இல்-பிசாரில் இருக்கிறேன். ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. பஸ் குறைவு, சனம் குறைவு, சத்தம் என்பதே கிடையாது. இவர்கள் வேலைக்குப் போனபின் நான் யன்னலடியில் இருப்பேன். பின்னேரம் பள்ளிக்கூட பஸ்ஸில் நோரா வருவாள், இவர்களுடைய மகள், ஒன்பது வயது. வாசலில் பிரெஞ்சைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என்னோடு தமிழ், தகப்பனோடு இங்கிலீசு. மற்றப் பேரப்பிள்ளைகளுக்கு இல்லாத தமிழ் இவளுக்கு இருக்கிறது, என்னோடு வளர்ந்ததால். சனிக்கிழமை வகுப்பில் எழுத்தும் படிக்கிறாள். காலையில் டெக்லன் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவான். “நன்றி, அம்மா” என்பான். கொடுக்கிறவன் எதற்கு நன்றி சொல்கிறான் என்று யோசித்திருக்கிறேன். தமிழ் தெரியாத குழப்பம் என்று விட்டுவிடுவேன்.

திருமண நாளுக்குப் பின்வளவில் மேசை போட்டுக் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து டெக்லன் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். சுகந்தி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பக்கத்தில் நோரா. வழக்கமாகத் தாய்தான் எனக்குச் சொல்வாள், அவளுக்குக் கை வேலை என்பதால் பிள்ளையைச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை.

“அப்பா சொல்லுறார், நான் அயர்லாந்தின்ர பச்சைச் சட்டை ரெண்டு தரம்தான் போட்டனான். முதல் தரம் டப்ளினில. என்ர அப்பா வந்து பார்த்தவர். பந்து என்ர கைக்கு வந்ததே குறைவு. வந்தவுடனே ஒருத்தன் விழுத்திப்போட்டான்.” எல்லாரும் சிரித்தார்கள். நோராவும் சிரித்தாள். “ரெண்டாம் தரம் தென்னாபிரிக்காவில. போகக்கூடாத இடம். போனனான்.”

“போகேல்லை எண்டு சொல்லு, பிள்ளை” என்றேன்.

“இல்லை அம்மம்மா, போனனான் எண்டுதான் அப்பா சொல்லுறார். சும்மா இருங்கோ, விட்டுப்போகும்! அங்கதான் கால் உடைஞ்சது. கறுத்த ஆக்களை மைதானத்தில ஒரு மூலையில கம்பிக்கு அங்கால விட்டிருந்தவை. என்னைத் தூக்கிக்கொண்டு போகேக்க அவை எனக்காகக் கைதட்டினவை. எனக்கு அவையின்ர முகத்தைப் பார்க்க ஏலேல்லை. வீட்டை போனால் என்ர அப்பா கதவு திறக்கேல்லை. போகாதே எண்டு அவர் சொன்னவர். சாகும்வரைக்கும் என்னோட கதைக்கேல்லை.”

டெக்லன் என் பக்கம் திரும்பினான். கிளாசை என் பக்கம் நீட்டினான்.

“முதல் நாள் இந்த அம்மாவின்ர மேசையில இருந்து எல்லாத்தையும் சொன்னன். ஒண்டும் ஒளிக்கேல்லை. அம்மா ஏசேல்லை. பேசாமல் இன்னொரு பிட்டு வச்சவ. என்ர அப்பா தராத மன்னிப்பை அவ தந்தவ... அம்மம்மா, ஏன் எல்லாரும் உங்களைப் பார்க்கினம்?”

கைதட்டினார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். சுகந்தி கத்தியை கேக்கில் வைத்தபடி நின்றாள். தலையைத் தூக்கவில்லை. நான் நாலு பேருக்கு முன்னால் குடும்பத்தைக் குலைக்கிறவள் இல்லை. கையைக் கொஞ்சம் உயர்த்தி, போதும் இருங்கோ என்று காட்டினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

7

அடுத்தநாள் காலை குசினியில் சுகந்தி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நோரா நல்லாய் மொழிபெயர்க்கிறாள்” என்றேன்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “அவர் பொய் சொல்லேல்லை, அம்மா. அண்டைக்கே உண்மையைத்தான் சொன்னவர்.”

“அவனை நான் கேக்கேல்லை. உன்னைக் கேக்கிறன்.”

“அப்பான்ர படம் அங்க இருந்தது. அதுக்கு முன்னால ‘போனவர்’ எண்டு எப்பிடிச் சொல்லுவன்? சொல்லியிருந்தா எழும்பிப் போ எண்டிருப்பீங்கள்.”

“இருக்கலாம்.”

“பார்த்தீங்களோ!”

“இருக்கலாம் எண்டுதான் சொன்னன். ஏன் போனாய் எண்டு கேட்டிருப்பன். இப்ப என்ன நினைக்கிறாய் எண்டு கேட்டிருப்பன். அவன் அழுதவன். ஏன் அழுகிறான் எண்டு தெரிஞ்சு பார்த்திருப்பன். ஓமோ இல்லையோ, அது என்ர வாயால வந்திருக்கும்.”

“பத்து வருசம் நல்லாத்தானே இருக்கிறம், அம்மா?”

“நீ இருக்கிறாய். ரவி இல்லை.”

அவள் குழாயைப் பூட்டினாள். துடைக்கிற துணியை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் எழும்பி யன்னலடிக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் அவளுக்கும் சாப்பாட்டுக் கதை மட்டும்தான்.

பேருந்தை மறித்தவர்கள் எனக்குச் செய்தது பெரிது. ஆனால் அவர்களை நான் நம்பவில்லை, அதனால் அதற்கு வேறு பெயர். இது என் வாய் என்று நான் நம்பியிருந்த வாய். நான் கொடுக்காத மன்னிப்பை என் பெயரில் எடுத்துக் கொடுத்தது. அந்த மனிதன் பத்து வருடமாக ஒவ்வொரு காலையும் அதற்கு நன்றி சொல்லித் தேத்தண்ணி தந்தான். நான் வாங்கிக் குடித்தேன். என் மூத்த பிள்ளையை, நடக்காத ஒரு விஷயத்தைக் காட்டி, சபையில் சிறுக்க வைத்தேன். இன்னொரு தரம் நான் இரண்டு வசனம் ஆகிவிட்டேன்.

டெக்லன், நீ போனது பிழை. அன்றைக்கே சொல்லியிருப்பேன், இன்றைக்குச் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகும் பிட்டு வைத்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்த பிட்டுக்கு நீ நன்றி சொல்ல வேண்டாம். உன் அப்பாவைப் போல நான் கதவைப் பூட்டவும் இல்லை. நீ மறுபடியும் என் எதிரில் வந்து இரு. முதலிலிருந்து சொல்லு. இந்த முறை நான் கேட்கிறேன்.

இதில் ஒரு பிரதி ரொறன்ரோவுக்கும் போகும். ரவி வாசிப்பானோ கிழிப்பானோ, அது அவன் பாடு.

நோரா, இங்கே வா குஞ்சு. கையைக் கழுவிக்கொண்டு வா. அப்பாவையும் கூப்பிடு, இந்த மேசையில் வந்து இருக்கச் சொல்லு. அம்மா குசினியில்தான் நிற்கிறாள், அவளுக்கும் கேட்கிற மாதிரி உரத்து வாசி. ஒவ்வொரு பக்கமும் தமிழில் வாசித்து முடித்த பிறகு அப்பாவுக்கு இங்கிலீசில் சொல்லு. உன் வயதுக்கு இது பாரம் என்று தெரியும். ஆனால் இந்த வீட்டில் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறவள் நீ ஒருத்திதான். அம்மா இடையில் வந்து, அம்மம்மா அப்படிச் சொல்லவில்லை என்றால், நிறுத்தாதே. ஒரு சொல்லும் கூட்டாதே, ஒரு சொல்லும் குறைக்காதே.

எனக்கு எழுபத்தொரு வயது என்று இருக்கிறது பார், அதிலிருந்து தொடங்கு.